ஃபிரிட்ஜில் கேஸ் தீராது

“தம்பி, ஃபிரிட்ஜ் கூலிங் ஆகல. கேஸ் தீந்துபோச்சு போல. வந்து ஏத்திட்டுப் போப்பா.”

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஃபிரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிற எனக்கு ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்த ஃபோன் வராத நாள் இல்லை. ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் பேச்சு இதேதான். அடுப்புக்கு இருக்கிற சிலிண்டர் மாதிரி ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு கேஸ் இருக்கிறது, அது தினமும் கொஞ்சம் செலவாகிறது, தீர்ந்ததும் ஏற்ற வேண்டும் என்று மக்கள் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்தது எங்கள் தொழிலில் இருக்கிற சிலர்தான். அதனால் மாற்றிச் சொல்லவேண்டிய கடமையும் எங்களுக்கே இருக்கிறது.

ஃபிரிட்ஜில் கேஸ் தீராது. கம்பெனியில் அடைத்து, குழாயை மூடி வெல்டு வைத்து அனுப்பிய அதே கேஸ்தான் 15 வருஷம் ஆனாலும் உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றும்போது அது எரிந்து செலவாவதும் இல்லை, தேய்வதும் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கூலிங் ஆகாததற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றை ஸ்பேனர் எதுவும் இல்லாமல் வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஃபிரிட்ஜ் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது குளிர்ச்சியைத் தயாரிக்கிற மெஷின் இல்லை. குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. வெப்பம் குறைந்தால் அதைத்தான் குளிர் என்கிறோம். உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை.

காசிமேட்டுப் படகைப் பார்த்திருப்பீர்கள். மரப் படகுக்குள் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊறுகிற வேகத்தைவிட மொள்ளுகிற வேகம் அதிகமாக இருக்கிறவரை படகுக்குக் கவலை இல்லை. ஃபிரிட்ஜும் அப்படித்தான். சுவர் வழியாக, கதவு இடுக்கு வழியாக, நாம் உள்ளே வைக்கிற சாப்பாடு வழியாக வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் அதை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருக்கும். படகில் தண்ணீர் ஏறினால் என்ன பார்ப்பீர்கள்? ஊறல் அதிகமாகிவிட்டதா, மொள்ளுகிற ஆள் களைத்துவிட்டானா, மொண்டதை வெளியே ஊற்ற வழி இல்லாமல் போச்சா? ஃபிரிட்ஜிலும் இந்த மூன்று கேள்விதான்.

வெப்பத்தை எப்படி மொள்ள முடியும்? ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவாரே, அந்த இடம் சட்டென்று ஜில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலில் இருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும், பக்கத்தில் இருப்பதிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். ஃபிரிட்ஜ் குழாய்க்குள் ஓடுகிற கேஸ், ரொம்பக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிற ஒரு பொருள். ஆர்-134ஏ என்கிற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். இப்போது வீட்டு ஃபிரிட்ஜ்களில் அதிகம் வருகிற ஆர்-600ஏ மைனஸ் 12 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஃபிரீசர் சுவருக்குள் ஓடும் குழாயில் அது ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தயிர், தக்காளி, மாவு எல்லாவற்றின் வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது.

அந்த ஆவியை ஃபிரிட்ஜின் அடியில் பின்பக்கம் கறுப்புக் குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிற கம்ப்ரஸர் இழுத்து நெருக்குகிறது. நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடுமே, அது மாதிரி. சூடான கேஸ் கண்டென்சர் குழாய் வழியாக ஓடும்போது, உள்ளேயிருந்து தூக்கி வந்த வெப்பத்தை வீட்டுக் காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. அப்புறம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை உள்ள கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் வழியாகக் கசிந்து ஃபிரீசருக்குத் திரும்புகிறது. மறுபடி ஆவியாகிறது. இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் ஃபிரிட்ஜ்.

பழைய ஃபிரிட்ஜில் கண்டென்சர் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை மாதிரி வெளியே தெரியும். புதிய மாடல்கள் பலவற்றில் அதை இரண்டு பக்கச் சுவர்களுக்குள் மறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. “சைடெல்லாம் கொதிக்குது, வெடிச்சிடுமா?” என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அது நல்ல சேதி. உள்ளே இருந்த வெப்பம் வெளியே வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அரை மணி நேரத்துக்கு மேல் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பக்கம் சுடவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

கூலிங் இல்லை என்பதையும் கையால் தொட்டுப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கீழ்த்தட்டுகளில் 4 டிகிரி, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் முதல் வேலையாக அதைப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. ஃபிரிட்ஜுக்கென்றே சின்னதாக விற்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் இட்லி மாவு இருக்கிறது. புளித்த மாவை இரவு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அது வைத்த அளவிலேயே நின்றால் ஃபிரிட்ஜ் சரியாக இருக்கிறது. பொங்கி மூடியைத் தள்ளினால் உள்ளே சூடு அதிகம்.

ஊறல் எங்கே?

போன கோடையில் காசிமேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் கூப்பிட்டார். “ராத்திரி பத்து மணிக்கு வெச்ச மாவு, காலையில மூடியத் தள்ளிக்கினு நிக்குது தம்பி. போன வருஷம் ஒரு தபா, இந்த வருஷம் ஒரு தபா, ரெண்டு தபா கேஸ் ஏத்தியாச்சு. இன்னும் எத்தினி தபாதான் ஏத்துறது?”

போனதும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தேன். நன்றாகச் சுட்டது. ஃபிரீசரைத் திறந்தேன். உள்சுவர் முழுக்க ஒரே சீராகப் பனி. அதாவது வெப்பத்தை மொள்ளுகிற வேலையும் நடக்கிறது, வெளியே ஊற்றுகிற வேலையும் நடக்கிறது. கேஸுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் ஊறல்தான் அதிகம்.

அக்காவிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டு கேட்டேன். கதவு இடுக்கில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுத்தேன். மேலே வைத்தபோது நோட்டு இறுக்கமாக வந்தது. கைப்பிடிப் பக்கமும் அப்படியே. கீழே, கீல் இருக்கிற மூலையில் வைத்தபோது நான் இழுக்கும் முன்பே நழுவித் தரையில் விழுந்தது. உட்கார்ந்து பார்த்தேன். கதவு ரப்பரின் மடிப்புக்குள் பல மாதம் வழிந்து வழிந்து காய்ந்த மாவு, ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அந்த இடத்தில் ரப்பர் உடம்போடு ஒட்டாமல் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

அதற்குச் செய்தது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் வைத்து மடிப்பு மடிப்பாகத் தேய்த்தேன். கோணிப்போன மூலையில் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியை ஒற்றி ஒற்றி ரப்பரை இளக்கி, விரலால் நீவி நேராக்கினேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வீட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு, ஃபிரிட்ஜ் முன்னால் சாய்ந்து நின்றது. முன்கால் திருகுகளைக் கொஞ்சம் உயர்த்தினேன். பாதியில் விட்ட கதவு தானாகப் போய் மூடிக்கொண்டது. மறுபடி அதே மூலையில் நோட்டை வைத்து அக்காவையே இழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை பிடிப்போடு வந்தது. மறுநாள் காலை அவரே ஃபோன் செய்து மாவு பொங்கவில்லை என்றார்.

உங்கள் வீட்டிலும் நாலு பக்கமும் நோட்டை வைத்துப் பாருங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்ஃபோன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடினால், எந்த இடுக்கில் ஓட்டையோ அங்கே வெளிச்சம் கசியும். ரப்பர் கிழிந்திருந்தால் அந்த மாடலுக்கு உரிய ரப்பரை வாங்கி மாற்றலாம். உள்ளே காந்தப் பட்டை ஒன்று இருக்கும். அதன் பிடிப்பு போயிருந்தாலும் ரப்பரை மாற்ற வேண்டியதுதான்.

கடலோரக் காற்றுக்கு இந்த ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். ஜில் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அது நம் வீட்டுக் காற்றில் இருக்கிற ஈரம். கதவு ஓட்டை வழியாக உள்ளே போவது வெறும் சூடு மட்டும் இல்லை, அந்த ஈரமும்தான். அது ஃபிரீசர் சுவரில் போய் ஐஸாகப் படிகிறது. ரப்பர் கெட்ட ஃபிரிட்ஜில் ஐஸ் மளமளவென்று வளர்வதற்கு இதுதான் காரணம்.

கதவை மூடினால் உள் பல்பு அணைகிறதா என்பதையும் பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டத்தில் இருக்கிற சின்ன ஸ்விட்சை விரலால் அமுக்குங்கள். பல்பு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ராத்திரி முழுக்க உள்ளே விளக்கு எரிகிறது. பழைய குண்டு பல்பாக இருந்தால் அதுவே ஒரு சின்ன ஹீட்டர்.

அப்புறம் நாம் உள்ளே வைக்கிற சூடு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குழம்பும் கிட்டத்தட்ட தண்ணீர்தான். 80 டிகிரியில் இருக்கிற 2 லிட்டர் குழம்பை அப்படியே உள்ளே வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவர, 630 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். விநாடிக்கு 100 ஜூல் வெளியேற்றுகிற சின்ன ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொண்டால், வேறு எந்த வேலையும் செய்யாமல் அந்தக் குழம்புக்கு மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடணும். அதே குழம்பு 32 டிகிரிக்கு ஆறிய பிறகு வைத்தால் 227 கிலோஜூல்தான், 40 நிமிஷத்துக்குள் முடியும். அதற்காக விடிய விடிய மேடையில் ஆறவிடவும் கூடாது. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது நல்லதில்லை. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் பாத்திரத்தை நிறுத்தினால் சீக்கிரம் ஆறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மீனுக்கும் இதே கணக்குதான். விடிகாலையில் போய் சங்கரா, வஞ்சிரம் என்று நாலு கிலோ வாங்கி வந்து, அப்படியே ஒரு கவரில் கட்டி ஃபிரீசரில் திணித்துவிட்டு, திங்கட்கிழமை “கூலிங் போச்சு” என்பார்கள். வீட்டு ஃபிரீசர் உறைந்ததைக் காப்பாற்றும், ஒரேயடியாக நாலு கிலோவை உறைய வைக்கிற தெம்பு அதற்குக் கிடையாது. மீனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடலுக்குப் போகும் முன்பே படகில் நொறுக்கிய ஐஸை ஏற்றிக்கொள்வார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். வீட்டு ஃபிரீசருக்கு அந்தத் தெம்பு இல்லாததால், மீனைச் சின்னச் சின்ன தட்டைப் பொட்டலமாகப் பிரித்து, ஃபிரீசர் தரையில் பரப்பி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

வெளியே ஊற்ற வழி இருக்கிறதா?

எங்கள் பக்கத்து வீடுகள் சின்னவை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு விரல்கூட நுழையாத மூலையில் ஃபிரிட்ஜை நிறுத்தியிருப்பார்கள். மேலே பூப்போட்ட கவர். இரண்டு பக்கமும் தொங்குகிற அதன் பைகளில் கரண்ட் பில், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு. பின்னால் இடம் இருந்தால் அங்கே ஒரு முறம், மடித்து வைத்த அட்டைப்பெட்டி. பக்கச் சுவரில் கண்டென்சர் இருக்கிற ஃபிரிட்ஜுக்கு அந்தக் கவர் மே மாதத்தில் போர்த்திவிட்ட கம்பளி. வெப்பம் வெளியே போக முடியாமல் குழாயிலேயே தங்கும், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், உள்ளே கூலிங் குறையும்.

கவரின் தொங்கலை எடுத்துவிடுங்கள். பின்னால் ஒரு சாண், முடியாவிட்டால் நாலு விரலாவது இடைவெளி விடுங்கள். பக்கங்களில் இரண்டு அங்குலம். மேலேயும் கொஞ்சம் காலி இடம். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழுகிற ஜன்னலுக்கு நேராகவோ வைக்க வேண்டாம். கத்திரி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 37, 38 டிகிரி இருக்கும்போது வெப்பத்தை வெளியே தள்ளுவது எந்த ஃபிரிட்ஜுக்கும் கஷ்டம்தான்.

பின்பக்கம் கம்பி வலை உள்ள பழைய ஃபிரிட்ஜ் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாதம் ஒரு முறை தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் இந்தத் தூசு ரொம்ப மெல்லியதாகக் கம்பியில் அப்பிக்கொள்ளும், கைபட்டால் கறுப்பாக ஒட்டும். கடலை ஒட்டிய தெருக்களில் இதைவிடப் பெரிய எதிரி உப்பு. பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக் காற்று பட்டால் இரும்புக் குழாய் பொரிந்து பொரிந்து துருப்பிடிக்கும். ஒரு நாள் ஊசிமுனை ஓட்டை விழும். அப்போதுதான் கேஸ் நிஜமாகவே போகும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே ஃபிரிட்ஜை நிறுத்தாதீர்கள். பின்பக்கக் குழாய்களைக் காய்ந்த துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

பின்னால் போனது போனீர்கள், கம்ப்ரஸர் மேலே இருக்கிற தண்ணீர் ட்ரேயையும் கழற்றிக் கழுவிவிடுங்கள். கூலிங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் டெங்கு கொசு முட்டையிடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. வாரம் ஒரு முறை காலி செய்ய வேண்டும்.

ஐஸ்

சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் ஃபிரீசர் முழுக்க ஐஸ் மலையாக வளர்ந்து, கீழே தயிர் புளித்துப்போயிருக்கும். “மேலே இவ்வளவு ஐஸ் இருக்கு, கீழ மட்டும் ஏன் கூலிங் இல்லை?” என்பார்கள். அந்த ஐஸ்தான் காரணம். கனமான ஐஸ் ஒரு போர்வை. உள்ளே இருக்கிற வெப்பம் குழாயைப் போய்ச் சேரவிடாமல் அது தடுக்கிறது. கால் அங்குலம் ஐஸ் சேர்ந்ததுமே, தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கிற டீஃப்ராஸ்ட் பட்டனை ராத்திரி அமுக்கிவிடுங்கள். ஐஸ் கரைந்ததும் அது தானாகவே வெளியே வந்து ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும். ஐஸ் அளவு மீறிப் போயிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள்.

கத்தியை மட்டும் எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கரண்டி, ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். ஃபிரீசர் சுவர் மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேயேதான் கேஸ் ஓடுகிறது. ஒட்டிக்கொண்ட மீன் கவரைப் பிரிக்கக் கத்தியை விட்டு நெம்பினால் “புஸ்” என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு ஃபிரீசர் போயிற்று. நான் பார்த்த கேஸ் லீக்கில் நிறைய, வீட்டுச் சமையலறைக் கத்தி செய்தது.

குமிழில் இருக்கிற எண்ணும் பலருக்குக் குழப்பம். அது டிகிரி இல்லை. எண் கூடினால் குளிர் கூடும். கூலிங் குறைகிறது என்று எண்ணைக் குறைத்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் கடைசி எண்ணிலேயே வைப்பதும் தப்பு. கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது, ஐஸ் ஏறிக்கொண்டே போகும்.

ஐஸைத் தானே கரைத்துக்கொள்கிற டபுள் டோர் ஃபிராஸ்ட் ஃப்ரீ மாடலில் கதை வேறு. அங்கே குளிர்க் குழாய் ஃபிரீசரின் பின்தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்க் காற்றை மேலேயும் கீழேயும் அனுப்பும். மேலே ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறது, கீழே பால் திரிகிறது என்றால், கீழே காற்று வரவில்லை என்று பொருள். முதலில் காற்று வருகிற துவாரங்களை அடைத்துக்கொண்டு கீரைக்கட்டோ டப்பாவோ நிற்கிறதா பாருங்கள். அப்புறம் ஃபிரீசர் கதவைத் திறந்து, கதவு ஸ்விட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காதை வையுங்கள். மெலிதாக ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், அல்லது ஐஸில் சிக்கி நின்றிருக்கலாம். புதிய மாடல் சிலவற்றில் கதவு மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபேன் சுற்றும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. உள்ளே இருப்பதையெல்லாம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்தே வையுங்கள். கீழே பழந்துணி விரித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வழியும். மறுபடி போட்டதும் அருமையாகக் கூலிங் வந்து, பத்துப் பதினைந்து நாளில் திரும்ப அதே கதை என்றால், தானாக ஐஸைக் கரைக்கிற ஏற்பாடு கெட்டிருக்கிறது. டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ சென்சாரோ டைமரோ ஃபியூஸோ, அதை மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வார். இந்தப் பழுதுக்கும் கேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கரண்ட்

கம்ப்ரஸர் ஓடவே இல்லை, சில நிமிஷத்துக்கு ஒரு முறை பின்னால் “டக்” என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், அது கிளம்பப் பார்த்து, முடியாமல், ஓவர்லோடு என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் கரண்டைப் பிரித்துவிடுகிறது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற ரிலே என்ற சின்ன உறுப்பு கெட்டாலும் இப்படி ஆகும், கம்ப்ரஸர் ஜாமானாலும் ஆகும், லோ வோல்டேஜிலும் ஆகும். ரிலேயைப் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மே மாத ராத்திரியில் தெருவே ஏசி போட்டிருக்கும்போது மட்டும் இந்த டக் டக் கேட்கிறதா, ஃபேனும் சோம்பலாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் சப்ளை 230 வோல்ட் இருக்க வேண்டும். அது ரொம்ப இறங்குகிற வீட்டில் ஸ்டெபிலைசர் அவசியம்.

கரண்ட் போய் வந்தால் உடனே போடாதீர்கள், அஞ்சு நிமிஷம் விடுங்கள். குழாயின் இரு பக்கமும் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும். அதற்கு முன் போட்டால் கம்ப்ரஸர் திணறும். கரண்ட் இல்லாத நேரத்தில் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறதா? கூலிங்கை மறந்துவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த்தைச் சரிபார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஃபிரிட்ஜ் தண்ணீரில் நின்றது. கம்ப்ரஸரும் ரிலேயும் அடியில்தானே இருக்கின்றன. தண்ணீர் வடிந்ததும் “ஓடுதா பார்ப்போம்” என்று போட்டுப் பார்க்கக் கூடாது. உள் ஒயர், ரிலே எல்லாம் காய்ந்து, ஒருவர் சோதித்த பிறகே போட வேண்டும்.

நிஜமாகவே கேஸ் போயிருந்தால்

அடையாளம் தெளிவாக இருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், ஆனால் பக்கவாட்டிலோ பின் வலையிலோ சூடே இருக்காது. சிங்கிள் டோரில் ஃபிரீசரின் ஒரு மூலையில் மட்டும் கையளவு பனி, மீதியெல்லாம் வெறும் ஈரம். குழாய் வெல்டு பக்கத்தில் சில நேரம் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். இவற்றில் குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துப்போனால்தான் லீக் என்று சந்தேகப்படலாம். கம்ப்ரஸர் பம்ப் செய்யாமல் போனாலும், கேப்பிலரி அடைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும். அதைப் பிரித்துச் சொல்வது மெக்கானிக் வேலை.

ஆர்-600ஏ எரியக்கூடிய கேஸ். நம் சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காக வாசனை கலந்திருப்பார்கள், ஃபிரிட்ஜ் கேஸில் அது கிடையாது. மொத்தமே சில பத்து கிராம்தான் உள்ளே இருக்கும் என்றாலும், லீக் என்று தெரிந்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி வேண்டாம். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற லேபிளில் இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த கேஸையே, அந்த எடையையே தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். கைக்கணக்கில் ஏற்றுவது வேலை இல்லை.

ஏற்றுவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். குழாயைத் திறந்தால், உள்ளே ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைக்கிற ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் முழுசாக இழுத்துவிட வேண்டும். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் கேப்பிலரியின் அந்த மெல்லிய துளையில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிக்க முடியாது. பைக்கில் வந்து, பின்னால் ஒரு டியூபை மாட்டி, “புஸ்” என்று ஏற்றிவிட்டுக் கிளம்புகிறவர் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். காசிமேட்டு அக்கா வீட்டில் குழாயில் ஓட்டையே இல்லாத ஃபிரிட்ஜுக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

ஆகவே யார் வந்தாலும், வயசில் பெரியவராக இருந்தாலும், மரியாதையாகவே கேளுங்கள்: “அண்ணே, லீக் எங்க இருக்கு, காட்டுங்க.” சோப்பு நுரை தடவினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் குமிழாக வரும், அதை உங்கள் கண்ணால் பாருங்கள். வேலை முடிந்ததும், கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரல் கனத்தில் ஒரு சின்னச் செம்புக் குழாய், இரண்டு முனையிலும் அறுத்த தடம் இருக்கும்.